பாலிமர் பூச்சு, உயர் மின்புலம், அயனி: வேலூர் வட்டாரப் பட்டறைகளிலிருந்து வரும் கேள்விகள்

காட்பாடி பக்கம் பீரோவுக்கும் கிரில்லுக்கும் பவுடர் கோட்டிங் (மின்னூட்டம் ஏற்றிய பாலிமர் தூளைத் தெளித்து ஓவனில் வேகவைக்கும் பூச்சு) போடுகிறவர்கள், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் பினிஷிங் செய்கிறவர்கள், மோட்டார் காயில் கட்டுகிறவர்கள், இன்ஜினியரிங் மாணவர்கள் ஆகியோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தொழில் வேறு வேறாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். உலோகத்தின் மேல் மெல்லிய பாலிமர் படலம் இருக்கிறது. அதன் அருகே சில நூறு வோல்ட்டிலிருந்து ஒரு லட்சம் வோல்ட் வரை மின்னழுத்தம் இருக்கிறது. அந்த நிலையில் அயனி, அதாவது மின்னூட்டம் பெற்ற அணு அல்லது மூலக்கூறு, எங்கே, எப்போது உருவாகும் என்பதுதான் எல்லாருடைய சந்தேகமும்.

காற்றில் அயனி எப்படி உருவாகிறது?

காற்றில் எப்போதும் சில எலக்ட்ரான்கள் தனித்துத் திரிந்துகொண்டிருக்கும். காஸ்மிக் கதிர்களும் மண்ணிலுள்ள கதிரியக்கமும் அவற்றை உண்டாக்குகின்றன. மின்புலம் போதிய அளவு இருந்தால் அந்த எலக்ட்ரான் வேகமெடுத்து ஒரு மூலக்கூறில் மோதி இன்னொரு எலக்ட்ரானைக் கழற்றிவிடும். இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். ஆக்சிஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க 12.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும், நைட்ரஜனுக்கு 15.6 வேண்டும். சமதளத் தகடுகளுக்கு இடையே சாதாரணக் காற்றில் இது சென்டிமீட்டருக்குச் சுமார் 30 கிலோவோல்ட்டில் நடக்கிறது. கூர்முனையிலோ மெல்லிய கம்பியிலோ மின்புலம் ஓரிடத்தில் குவிவதால், மொத்த வோல்ட் குறைவாக இருந்தாலும் முனையருகே மட்டும் காற்று அயனியாகும். பள்ளியில் கூர்முனைச் செயல்பாடு என்று படித்தோமே, அதேதான். தொழிற்சாலையில் கொரோனா என்கிறோம்.

பாலிமர் பூசிவிட்டால் அயனி உருவாவது நின்றுவிடும்தானே?

நிற்காது. பலரும் தடுமாறுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எப்பாக்ஸி, பாலியெஸ்டர் போன்ற பாலிமர்களின் ஒப்புமை விடுதிறன் (ஒரு பொருள் தனக்குள் மின்புலத்தை எத்தனை மடங்கு தணிக்கிறது என்ற எண்) ஏறக்குறைய 3 முதல் 4 வரை. காற்றுக்கு 1. இரண்டும் அடுத்தடுத்து அடுக்காக இருந்தால், பூச்சுக்குள் இருப்பதைப் போல 3 அல்லது 4 மடங்கு மின்புலம் காற்றில் விழும். பூச்சு பலமான பொருள், காற்று பலவீனமான பொருள். ஆனால் சுமை போய் ஏறுவது பலவீனமான காற்றின் மேல். எனவே 70 மைக்ரான் பூச்சு போட்டாலும் வெளியே உள்ள காற்றின் நிலைமை முதல் நொடியில் பெரிதாக மாறாது.

மாற்றம் அதற்கடுத்த நொடியில்தான் தொடங்குகிறது. காற்றில் உருவான அயனிகள் பூச்சின் மேல் வந்து உட்காரும். வெற்று உலோகமாக இருந்தால் அவை உடனே பூமிக்குப் போயிருக்கும். பூச்சில் போக வழியில்லை. அங்கே சேர்ந்த மின்னூட்டம் எதிர்த்திசையில் ஒரு மின்புலத்தை உண்டாக்கி, வெளியிலுள்ள காற்றின் மேல் விழும் சுமையைக் குறைக்கும். நேர்மின்சாரமாக, அதாவது டிசியாக இருந்தால் கொரோனா மெல்ல அடங்கிவிடும். ஏசியாக இருந்தால் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் திசை மாறுவதால், சேர்ந்த மின்னூட்டமே அடுத்த அரைச் சுற்றில் அயனியாக்கத்துக்குத் துணை நிற்கும். 50 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 100 முறை. ஜெர்மனியின் சீமென்ஸ் 1857-இல் செய்த ஓசோன் கருவி இந்த அடிப்படையில்தான் வேலை செய்தது. அதில் பாலிமருக்குப் பதில் கண்ணாடி.

ஆகவே பூச்சைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது, "எத்தனை கிலோவோல்ட் தாங்கும்?" என்பதல்ல. "இதன் மேல் வந்து சேரும் மின்னூட்டம் எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில் வெளியேறும்?" என்பதுதான். கீழே வரும் பெரும்பாலான பதில்களும் இந்தக் கேள்விக்கே திரும்பி வரும்.

அந்த நேரத்தைக் கணக்கிட முடியுமா சார்?

தோராயமாக முடியும். விடுதிறனையும் (ஒப்புமை விடுதிறனை வெற்றிடத்தின் விடுதிறனால் பெருக்கி வருவது) மின்தடை எண்ணையும் பெருக்கினால் நொடிக்கணக்கில் விடை வரும். மின்தடை எண் 10¹² ஓம் மீட்டர், ஒப்புமை விடுதிறன் 3 என்றால் ஏறக்குறைய 27 நொடி. டெஃப்லானுக்கு 10¹⁶ என்று வைத்தால் இரண்டு நாளுக்கு மேல். டெஃப்லான் இனத்துப் படலத்தில் மின்னூட்டம் வருடக்கணக்கில் தங்கும்படியும் செய்யலாம். 1962-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செஸ்லரும் வெஸ்ட்டும் உருவாக்கிய எலக்ட்ரெட் மைக் இந்தக் குணத்தைப் பயன்படுத்தியதுதான். என்-95 முகக்கவசத்தின் நடு அடுக்கிலுள்ள பாலிபுரோப்பிலீன் இழைகளும் அப்படி மின்னூட்டம் ஏற்றப்பட்டவையே.

பவுடர் கோட்டிங்கில் சிறு சிறு குழியும் ஆரஞ்சுத் தோல் மாதிரிச் சொரசொரப்பும் வருகிறது. ஓவன் சூடு சரியில்லையா அண்ணே?

ஓவனில் கை வைக்கும் முன் ஒன்று செய்யுங்கள். பவுடர் அடித்து முடித்த பீஸை ஓவனுக்குள் தள்ளாமல், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து மேற்பரப்பைப் பாருங்கள். பவுடர் படலத்தில் அப்போதே நட்சத்திரம் போல் சிறு சிறு வெடிப்புகள் தெரிந்தால் ஓவன் மேல் தவறில்லை. அங்கே அயனிகள் திருப்பி அடித்திருக்கின்றன. பவுடர் சீராக இருந்து, சூடேறிய பிறகுதான் குழி விழுகிறது என்றால் அது வேறு கதை. வார்ப்பிலோ கால்வனைஸ் பூச்சிலோ அடைபட்ட வாயு வெளியே வந்திருக்கும்.

திருப்பி அடிப்பது எப்படி என்று பார்ப்போம். பவுடர் தெளிக்கும் துப்பாக்கியின் முனையில் 60 முதல் 100 கிலோவோல்ட் வரை எதிர்மின்னழுத்தம் இருக்கும். அங்கே உருவாகும் எதிர் அயனிகளில் மிகச் சிறு பங்குதான் பவுடர் துகளில் ஒட்டுகிறது. மீதி எல்லாம் தனி அயனிகளாகவே பீஸின் மேல் போய்ச் சேர்கின்றன. பவுடரும் பாலிமர்தானே, கடத்தாது. படலம் தடிக்கத் தடிக்க மின்னூட்டம் அதில் தேங்கும். மழையில் நிரம்பிய வயலில் வரப்பு எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே உடைத்துக்கொள்வதைப் போல, துகள்களுக்கு இடையிலுள்ள காற்று ஏதோ ஒரு புள்ளியில் உடைந்து அயனியாகும். அங்கிருந்து நேர் அயனிகள் கிளம்பித் துப்பாக்கியை நோக்கிப் பாயும். வரும் பவுடரின் மின்னூட்டத்தை அவை அழித்துவிடுவதால் அதற்கு மேல் பவுடர் ஒட்டாது. உடைந்த இடத்தில் குழி நிற்கும்.

ஆகவே கிலோவோல்ட்டை ஏற்றினால் நன்றாக ஒட்டும் என்று நினைப்பது தலைகீழான வைத்தியம். பெரும்பாலும் குறைக்கத்தான் வேண்டும். மைக்ரோ ஆம்பியர் கட்டுப்பாடு உள்ள துப்பாக்கி என்றால் 15, 20-க்குள் நிறுத்துங்கள். ரீகோட் அடிக்கும்போது இன்னும் இறக்குங்கள். ஏற்கெனவே வெந்த படலம் கீழே இருப்பதால் மின்னூட்டம் வெளியேற வழி இன்னும் குறைவு. முனையைப் பீஸிலிருந்து ஒரு அடி அளவு தள்ளிப் பிடியுங்கள். பீரோவின் உள்மூலையில் பவுடர் போகவில்லை என்றாலும் வோல்ட்டைக் குறைப்பதுதான் வழி.

கொக்கியையும் பாருங்கள். நான் போகிற பட்டறைகளில் முதலில் கேட்பது கொக்கியைத்தான். கறுப்பு, வெள்ளை, பச்சை என்று முன்பு அடித்த எல்லா நிறமும் அதில் வெந்து ஏறியிருக்கும். வெட்டிப் பார்த்தால் மரத்தின் வளையம் மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும். பீஸ் அந்தப் பிளாஸ்டிக் மேல் தொங்குகிறது, உலோகத்தைத் தொடவே இல்லை. பீஸுக்கும் பூமிக்கும் இடையே மின்தடை 1 மெகா ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. மெகரை (உயர் மின்தடையை அளக்கும் கருவி) வைத்துக் கொக்கியோடு சேர்த்து அளந்து பாருங்கள். எர்த் சரியில்லாத பீஸ் தரத்தை மட்டும் கெடுக்காது. பூத்துக்குள் தீப்பொறி பறந்தால் மிதக்கும் பவுடரே பற்றிக்கொள்ளும்.

ட்ரைபோ துப்பாக்கியில் இந்தத் தொல்லை இல்லை என்கிறார்களே?

உண்மைதான். அதில் உயர் மின்னழுத்தமே கிடையாது. டெஃப்லான் குழாய்க்குள் பவுடர் உரசிக்கொண்டு போகும்போது எலக்ட்ரானை டெஃப்லானிடம் விட்டுவிட்டு நேர் மின்னூட்டம் பெறுகிறது. தனி அயனி இல்லாததால் திருப்பி அடிப்பது வெகுவாகக் குறையும், மூலைக்குள்ளும் பவுடர் போகும். ஆனால் எல்லாப் பவுடரும் இதற்கு ஒத்துவராது. எப்பாக்ஸி நன்றாக வரும். பாலியெஸ்டருக்கு இதற்கென்று சேர்மானம் போட்ட பவுடர் வாங்க வேண்டும். உட்குழாய் தேயத் தேய மின்னூட்டம் குறையும் என்பதால் மாற்றும் செலவையும் கணக்கில் வையுங்கள்.

ராணிப்பேட்டை பெல் (பிஎச்இஎல்) தொழிற்சாலையில் செய்கிற இஎஸ்பியின் தகடுகளுக்குத் துருப்பிடிக்காமல் பாலிமர் பெயின்ட் அடிக்கலாமா? (மாணவர் கேள்வி)

அனல்மின் நிலையப் புகையிலிருந்து சாம்பலைப் பிரிக்கும் நிலைமின் வடிகட்டியைத்தான் கேட்கிறார். அமெரிக்காவின் காட்ரெல் 1908-இல் காப்புரிமை பெற்ற முறை இது. கம்பியில் பல்லாயிரம் வோல்ட் எதிர்மின்னழுத்தம், எதிரே பூமியோடு இணைத்த தகடு. கம்பியில் பிறக்கும் அயனி சாம்பலில் ஒட்டி, சாம்பல் தகட்டில் போய் ஒட்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தகட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 நானோ ஆம்பியர் வந்து சேர்கிறது என்று வைப்போம். சாம்பல் படலத்தின் மின்தடை எண் 10¹¹ ஓம் சென்டிமீட்டர் என்றால் படலத்துக்குள் மின்புலம் சென்டிமீட்டருக்கு 2 கிலோவோல்ட். 10¹² என்றால் 20 கிலோவோல்ட். அந்த நிலையில் சாம்பலின் இடைவெளிக் காற்று உடைந்து, பவுடர் கோட்டிங்கில் சொன்ன அதே திருப்பி அடித்தல் தொடங்கிவிடும். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம், கந்தகம் குறைவு. எனவே சாம்பலின் மின்தடையும் அதிகம். இந்தியாவில் இந்த வடிகட்டிகளைப் பெரிதாகக் கட்ட வேண்டியிருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

இதில் 10¹⁴-க்கும் மேலான மின்தடை எண் கொண்ட பாலிமரைத் தகட்டில் பூசினால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லிவிடலாம். முதலில் அயனி ஓட்டம் அடங்கும். பிறகு ஊசித்துளை உள்ள இடங்களில் உடைந்து நேர் அயனிகளைக் கக்கும். சாம்பல் பிடிபடாமல் புகைபோக்கி வழியே போய்விடும். தகட்டை வெற்று எஃகாகத்தான் விட வேண்டும். துருவைத் தடுக்க, ஈரம் படியாதபடி வாயுவின் வெப்பநிலையைக் காப்பதே வழி.

விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) மாட்டிய மோட்டாரில் புதிதாகக் கட்டிய காயில் சீக்கிரமே எரிகிறது. கம்பி நல்ல கம்பெனிதான். ஏன்?

தோல் ஷெட்டுகளில் டிரம் ஓட்டும் மோட்டார்களுக்கு விஎஃப்டி வந்த பிறகு அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. காயில் கம்பியின் எனாமலும் ஒரு பாலிமர் பூச்சுதான். பாலியெஸ்டர் இமைடு, அதன் மேல் பாலியமைடு இமைடு என்று இரண்டு அடுக்காக வரும்.

415 வோல்ட் மூன்று பேஸ் லைனை விஎஃப்டி முதலில் டிசியாக்குகிறது. அது சுமார் 587 வோல்ட். பிறகு அதைத் துண்டு துண்டாக வெட்டி நொடிக்கு ஆயிரக்கணக்கான துடிப்புகளாக மோட்டாருக்கு அனுப்புகிறது. கேபிள் நீளமாக இருந்தால் துடிப்பு மோட்டார் முனையில் பிரதிபலித்து ஏறக்குறைய இரு மடங்காகும். 1,170 வோல்ட் வரை போகலாம். அதில் பெரும்பங்கு காயிலின் முதல் சில சுற்றுகளில்தான் விழும்.

இப்போது ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடக்கும் இரண்டு கம்பிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இருபக்க எனாமல் சேர்ந்து 80 மைக்ரான், விடுதிறன் 4, நடுவே 8 மைக்ரான் காற்று. 80-ஐ 4-ஆல் வகுத்தால் எனாமல் 20 மைக்ரான் காற்றுக்குச் சமம். எனவே மொத்த வோல்ட்டில் 28-இல் 8 பங்கு அந்தக் காற்றிடுக்கில் விழும். பாஷென் 1889-இல் கண்ட விதிப்படி, காற்றை உடைக்கத் தேவையான மிகக் குறைந்த மின்னழுத்தம் சுமார் 330 வோல்ட். சாதாரண அழுத்தத்தில் அது 7, 8 மைக்ரான் இடுக்கில்தான் அமைகிறது. இடுக்கில் 330 வர மொத்தம் ஏறக்குறைய 1,155 வோல்ட் வேண்டும். 587-இல் ஒன்றும் ஆகாது. 1,170-இல் ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த இடுக்கில் அயனி பிறக்கும்.

ஒரு முறை பிறந்தால் கெடுதி இல்லை. நாள் முழுக்கப் பிறந்தால் எலக்ட்ரானும் அயனியும் எனாமலின் பிணைப்புகளை அடித்து உடைக்கும், கூடவே ஓசோன், ஈரம் இருந்தால் நைட்ரிக் அமிலம். கடைசியில் எனாமலில் துளை விழுந்து சுற்றுக்குச் சுற்று ஷார்ட் ஆகும். எரிந்த காயிலைப் பிரிக்கும்போது முதல் சுற்றுகளில் மட்டும் கருகியிருந்தால் சந்தேகம் இதன் மேல்தான் போக வேண்டும்.

எனவே கம்பிக்கு நிகரான கவனம் வார்னிஷுக்கும் வேண்டும். வார்னிஷின் பெரிய வேலை அந்த இடுக்குக் காற்றை வெளியேற்றி அந்த இடத்தை நிரப்புவது. மேலே ஒரு கோட் ஊற்றிவிட்டு வெயிலில் காயவைத்தால் உள்ளே குமிழி அப்படியே இருக்கும். முன்சூடு கொடுத்து, முழுக்க முக்கி, குமிழி வருவது நிற்கும் வரை விட்டு, ஓவனில் வேகவைத்து, மறுபடி ஒருமுறை முக்குங்கள். வெற்றிட முறை கிடைத்தால் அதைவிட நல்லது. விஎஃப்டிக்கென்றே சிலிக்கா, அலுமினா நுண்துகள் கலந்த எனாமல் கம்பி கிடைக்கிறது. அயனி பிறந்தாலும் அது வெகுகாலம் தாக்குப்பிடிக்கும். கேபிளைச் சுருக்குவதும் பில்டர் போடுவதும் மோட்டார் உரிமையாளர் செய்ய வேண்டியவை, தயங்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

பூச்சு தடிமனாக இருந்தால் நல்லதுதானே?

கூர்மையான விளிம்பிலும் மெல்லிய கம்பியிலும் நல்லது. 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள கம்பிக்கு மேல் 1 மில்லிமீட்டர் பாலிமர் போட்டால் காற்று தொடும் ஆரம் இரட்டிப்பாகி, அங்கே மின்புலம் பாதிக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கும். தட்டையான பரப்பில் இந்த லாபம் இல்லை. பவுடர் பூச்சில் தடிமன் கூடினால் திருப்பி அடிப்பதுதான் கூடும்.

மார்கழிப் பனியில் காட்பாடி ரயில் பாதை இன்சுலேட்டர்களில் சடசடவென்று சத்தம் கேட்கிறது. சிலிகான் பூசினால் நிற்குமா?

ரயில் மேல்கம்பியில் 25 கிலோவோல்ட் ஏசி. பீங்கான் மேல் தூசியும் பனியும் சேர்ந்தால் நீர் ஒரே படலமாகப் பரவி மின்சாரம் கசியும். நடுவில் காய்ந்த பட்டையில் பொறி பறக்கும். சிலிகான் ரப்பர் பூச்சில் நீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். அதன் உள்ளிருந்து சிறு சிலிகான் மூலக்கூறுகள் கசிந்து தூசியின் மேலும் படர்வதால், தூசிகூட நீரை ஒட்டவிடாது. வேறு பாலிமர்களில் இந்தக் குணம் இந்த அளவுக்கு இல்லை.

ஆனால் துளியும் ஒரு கூர்முனைதான். வலுவான மின்புலத்தில் துளி நீண்டு முனை கூர்ந்து அங்கே அயனி பிறக்கும். மின்புலத்தில் திரவம் இப்படிக் கூம்பாக மாறுவதை ஜி. ஐ. டெய்லர் 1964-இல் கணக்கிட்டு, அரைக்கோணம் 49.3 டிகிரி என்று காட்டினார். இரவு முழுக்கக் கொரோனா தாக்கினால் சிலிகானும் நீரை ஒட்டவிடத் தொடங்கும். பகலில் காய்ந்து ஓய்வு கிடைத்தால் அந்தக் குணம் தானே திரும்பும். எனவே பூச்சு பலன் தரும், சத்தம் முழுக்க நிற்காது.

தோல் பினிஷிங் லைனில் ஸ்டாட்டிக் பார் மாட்டியும் தூசி ஒட்டுகிறது. பார் பழுதா?

பாலியூரித்தேன் டாப்கோட் அடித்த தோல் நல்ல மின்காப்பு. உருளையில் உரசி ஏறிய மின்னூட்டம் போக வழியில்லை. திறந்த காற்றில் ஒரு பரப்பு தாங்கக்கூடியது சதுர மீட்டருக்குச் சுமார் 26 மைக்ரோ கூலும். அதற்கு மேல் காற்றே உடையும். அதில் சிறு பங்கு இருந்தாலே பஃபிங் தூசியை இழுக்கப் போதும்.

பாரிலுள்ள ஊசிகள் இருவகை அயனிகளையும் உண்டாக்கி அந்த மின்னூட்டத்தை அழிக்கின்றன. லென்ஸ் வைத்து ஊசி முனையைப் பாருங்கள். ஸ்பிரே பனி அதில் படிந்து, காய்ந்து, பளபளப்பான மொட்டாக நிற்கும். தோலுக்குப் போட்ட பூச்சு ஊசிக்கும் ஏறிவிட்டது. முனை மழுங்கியதால் மின்புலம் குவியாது, அயனியும் குறையும். மின்சாரத்தை நிறுத்தி, பூமியோடு இணைத்து, மென்மையான பிரஷ்ஷும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் கொண்டு துடையுங்கள். ஷிப்ட் மாறும்போது இதை வழக்கமாக்கினால் பாதிப் புகார் போய்விடும்.

தின்னர் ஆவி உள்ள இடத்தில் அதற்கென்று சான்று பெற்ற பார் மட்டுமே மாட்ட வேண்டும். அங்கே நிற்பவர் காலணியும் முக்கியம். ஸ்டாட்டிக் எதிர்ப்புக் காலணியின் மின்தடை 1 லட்சம் ஓமுக்கும் 100 கோடி ஓமுக்கும் இடையில் இருக்க வேண்டும். ஆம்பூரில் செய்து உலகுக்கு அனுப்புகிறோம். நம் ஷெட்டில் நிற்கிறவரும் அதைப் போட்டிருக்க வேண்டும்.

கத்திரி வெயிலிலும் ஏலகிரி மேலும் இந்தக் கணக்கெல்லாம் மாறுமா?

மாறும். காற்றின் அடர்த்தி குறைந்தால் சீக்கிரம் உடையும். 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் 12 சதவீதம் குறைவு, குளிர் அதில் கொஞ்சத்தை ஈடுகட்டும்.

நிறைநிறமாலைமானியில் (மூலக்கூறுகளை அயனியாக்கி நிறையை அளக்கும் கருவி) ஊசி முனையின் பூச்சு என்ன செய்கிறது? (மாணவர் கேள்வி)

இரண்டு விதம் உண்டு. எலக்ட்ரோஸ்பிரேயில் திரவம் நுண்குழாய் முனையில் டெய்லர் கூம்பாகி, துளிகளாகச் சிதறி, அயனிகளைத் தரும். முனையின் வெளிப்புறத்தில் நீர் ஒட்டாத பாலிமர் பூசினால் திரவம் பின்னால் படராது, கூம்பு சிறிதாகவும் நிலையாகவும் நிற்கும். இந்த வழியில் 1968-இல் முதலில் முயன்றவர் மால்கம் டோல். அவர் எடுத்துக்கொண்டதும் பாலிஸ்டைரீன் என்ற பாலிமரைத்தான். பின்னர் ஜான் ஃபென் அதைப் பெரிய உயிர் மூலக்கூறுகளுக்கு விரித்து 2002-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மற்றது புல அயனியாக்கம். மோதலே வேண்டாம், மின்புலமே அணுவிலிருந்து எலக்ட்ரானை உருவிவிடும். ஹீலியத்துக்கு நானோமீட்டருக்கு 44 வோல்ட் வேண்டும். காற்று உடைவதைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். 1955-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எர்வின் முல்லரும் அவருடைய இந்திய மாணவர் கன்வர் பகதூரும் டங்ஸ்டன் முனையின் அணுக்களைத் தனித்தனியாகக் கண்டது இந்த வழியில்தான். நம் மாணவர்கள் அந்தப் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மெகரில் நல்ல ரீடிங் வருகிறது. பூச்சு சரி என்று விட்டுவிடலாமா?

கூடாது. மெகர் கொடுப்பது 500 அல்லது 1,000 வோல்ட் டிசி. அது கசிவைக் காட்டும், குமிழியைக் காட்டாது. காயிலுக்குச் சர்ஜ் சோதனை (உயர் வோல்ட் துடிப்பு கொடுத்துப் பார்ப்பது) செய்யுங்கள், முடிந்தால் பகுதி மின்னிறக்கச் சோதனையும் (இடுக்குக் காற்றில் அயனி பிறக்கிறதா என்று பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். பவுடர் பூச்சுக்கு ஹாலிடே டிடெக்டர் (பூச்சின் ஊசித்துளையைக் கண்டுபிடிக்கும் கருவி) போதும். மெல்லிய பூச்சுக்கு ஈரப் பஞ்சு வகையை வாங்குங்கள். உயர் வோல்ட் வகையை மெல்லிய பூச்சில் ஓட்டினால் நல்ல இடத்திலும் துளை போட்டுவிடும்.